சிடி நார்மல், ஆனா தலைவலி விடல: வீனஸ் சைனஸ் (மூளை ரத்தம் வடியற சிரைக்குழாய்) அடைப்பா?

நைட்டூட்டி
26 வயசு, பிரசவமாகி 10 நாள். மூணு நாளா தலைவலி, படுத்தா கூடுது. இன்னிக்கு ஒரு தடவை ஃபிட்ஸ். பிபி 120/80, யூரின்ல புரோட்டீன் இல்ல. ப்ளைன் சிடி (சாய மருந்து ஏத்தாம எடுத்தது) நார்மல்னு ரிப்போர்ட். இதோட விட்டுடலாமா? இன்னொரு சந்தேகம்: மூளைல ரத்தக்கசிவு இருந்தாலும் இந்த அடைப்புக்கு ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்கற ஊசி) போடறாங்களே, அது எப்படி?

நரம்பு_பிஜி
விடவே கூடாது. ப்ளைன் சிடில அடைப்பு நேரடியாத் தெரியறது மூணுல ஒருத்தருக்குத்தான். எம்ஆர்ஐயோட எம்ஆர்வி (சிரைகளைக் காட்டற எம்ஆர் ஸ்கேன்) எடுங்க, கிடைக்கலன்னா சிடில அதே மாதிரி எடுக்கற சிடி வீனோகிராம். டி-டைமர் (ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) நார்மல்னாலும் நம்பாதீங்க. முதுகுல ஊசி போட்டதால வர்ற தலைவலி படுத்தா குறையும், இது கூடுது. கண்ணுக்குள்ள டிஸ்க் (பார்வை நரம்போட முனை) வீக்கமும் பாருங்க.

ஹெப்பாரின் விஷயம்: வடிகால் அடைச்சா வரப்பு உடையற கதைதான். ரத்தம் வெளியேற வழியில்லாம பின்னாடி அழுத்தம் ஏறித்தான் நுண்குழாய் கசியுது. வடிகாலைத் திறக்காம கசிவு நிக்காது. கிலோவுக்கு 1 மி.கி. எனாக்ஸபாரின் (ஹெப்பாரின்ல ஒரு வகை), 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் வார்ஃபரின் மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தோட அளவு) 2–3, பிரசவம்தான் காரணம்னா 3–6 மாசம். பால் கொடுக்கலாம். ஃபிட்ஸுக்கு லெவெடிரசெட்டம் மருந்து. ஸ்டீராய்டு வேண்டாம்.

ஸ்கேன்ரூம்
எம்ஆர்வியிலயும் ஏமாறலாம். இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் (பின்மண்டையில குறுக்கே போற வடிகால்) பிறவியிலேயே சின்னதா இருக்கறது சகஜம்; அதை அடைப்புன்னு எழுதிடுவாங்க. மறுபக்கம், முதல் அஞ்சு நாள்ல ரத்தக்கட்டி டி2ங்கற எம்ஆர்ஐ படத்துல கறுப்பாத்தான் இருக்கும், ரத்தம் ஓடற மாதிரியே தெரியும். எஸ்டபிள்யூஐ (ரத்தக்கட்டியை நல்லாக் காட்டற எம்ஆர்ஐ படம்) கட்டாயம் பாருங்க.

நரம்பு_பிஜி
தண்ணி எவ்வளவு குடிக்கறாங்கன்னு கேட்டீங்களா? பச்சை உடம்புன்னு தம்ளர் கணக்குல அளந்து குடுக்கற வீடு இன்னும் இருக்கு. வறண்ட உடம்புல ரத்தம் இன்னும் கெட்டியாகும். இனி மாலா-என் (கருத்தடை மாத்திரை) கூடாது, காப்பர்-டி போடலாம். அடுத்த கர்ப்பத்துல தடுப்பு டோஸ் ஊசி வேணும், இப்பவே சீட்டுல எழுதிடுங்க.

நைட்டூட்டி
எம்ஆர்விக்கு எழுதியாச்சு மேடம். எடை 52, கிரியேட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) 0.7. கையில 60 மி.கி. எனாக்ஸபாரின் சிரிஞ்சுதான் இருக்கு.

நரம்பு_பிஜி
அதுல 0.6 மி.லி. இருக்கும். 0.1 மி.லி. வெளிய தள்ளிட்டு மீதி 50 மி.கி.யை வயித்துத் தோலடியில போடுங்க, தேய்க்காதீங்க. அதுக்கு முன்னாடி ப்ளேட்லெட்டுக்கு ரத்தம் எடுங்க, அஞ்சாம் நாள் மறுபடியும்; ஹெப்பாரின்ல அது குறையலாம்.