ஓடினாலும் வலி, ஸ்குவாட் போட்டாலும் வலி: முழங்காலை என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். வயது 34. ஒன்றரை வருடமாக ஓடுகிறேன், ஐந்து மாதமாகப் பளுவும் தூக்குகிறேன். மூன்று வாரமாக வலது முழங்காலில் வலி. படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது சுருக்கென்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலைந்து அடி வைக்கவே கஷ்டம். ஓட்டத்தில் 3 கிலோமீட்டர் தாண்டியதும் ஆரம்பிக்கும், ஸ்குவாட்டில் (பளுவைத் தாங்கிக் குந்தி எழுவது) பாதிக்குக் கீழே போனதும் ஆரம்பிக்கும். விழவில்லை, அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. ஒரு வாரம் முழுசாக ஓய்வு எடுத்தேன், வலி போனது. மறுபடி ஓடிய முதல் நாளே திரும்பிவிட்டது. ஜிம்மில் ஒருவர் ஸ்குவாட்டை விடு, மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார். கூட ஓடுபவர் ஷூவை மாற்று என்கிறார். ஓட்டத்தையே விட வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒரே விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறதா? முட்டி எங்கேயாவது சிக்கி நீட்ட முடியாமல் நிற்கிறதா, திடீரென்று மடங்கி விழப் பார்க்கிறதா? கடைசி இரண்டு மாதத்தில் எதைக் கூட்டினீர்கள், வாரத்தில் எந்த நாள் எதைச் செய்கிறீர்கள்?

கேட்டவர்

ஒரு விரலால் காட்ட முடியவில்லை. முட்டிச்சில்லைச் சுற்றி, அதற்குப் பின்னால் எங்கோ வலிக்கிற மாதிரி இருக்கிறது, உள்ளங்கையைத்தான் வைத்துக் காட்டுவேன். சிக்கவில்லை, மடங்கவும் இல்லை. வாரத்துக்கு 18 கிலோமீட்டர் ஓடியதை ஒரே மாதத்தில் 30 ஆக்கினேன். அதே சமயம் ஸ்குவாட் 50 கிலோவிலிருந்து 70க்குப் போனது. செவ்வாய் மாலை கால் பயிற்சி, புதன் காலை வேக ஓட்டம், வெள்ளி லன்ஜஸும் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்குவது) லெக் எக்ஸ்டென்ஷனும் (மெஷினில் உட்கார்ந்து எடையோடு காலை நீட்டுவது), ஞாயிறு நீண்ட ஓட்டம்.

பதில் 2

நான் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் படி இறங்கும்போது, குந்தும்போது, நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது முட்டிச்சில்லைச் சுற்றி வருகிற வலி என்றால் 'ரன்னர்ஸ் நீ' (Runner's knee, ஓடுபவர்களுக்கு அதிகம் வரும் முழங்கால் வலி) என்று சொல்கிறார்களே, அதைத்தான் முதலில் நினைப்பேன். சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் வலித்தால் அங்குள்ள தசைநாணைச் சந்தேகிக்கலாம், முட்டியின் வெளிப்பக்கம் எரிந்தால் தொடையின் பக்கவாட்டுப் பட்டையை. உங்களுடையது இரண்டும் மாதிரி தெரியவில்லை.

மூட்டு தேய்கிறது என்ற பயத்தை முதலில் விடுங்கள். ஓட்டத்தை ஒரு நோட்டிலும் பளுவை இன்னொரு நோட்டிலும் நீங்கள் கணக்கு வைக்கிறீர்கள், முழங்காலுக்கு இரண்டும் ஒரே சுமைதான். இரண்டையும் ஒரே மாதத்தில் கூட்டியிருக்கிறீர்கள். போதாததற்கு செவ்வாய் மாலை களைத்த தொடையை வைத்துக்கொண்டு புதன் காலை வேகமாக ஓடுகிறீர்கள். ஓய்வில் வலி குறைந்ததற்கும் சுமை குறைந்ததுதான் காரணம். அந்த ஒரு வாரத்தில் கால் பலமாகிவிடவில்லை, அதனால் அதே சுமைக்குத் திரும்பியதும் அதே வலி.

அதனால் முழுசாக நிறுத்த வேண்டாம். வாரம் 15 கிலோமீட்டருக்கு இறங்குங்கள், 2 கிலோமீட்டர் ஓட்டமாக, நடுவில் நடையும் சேர்த்து. இறக்கமான பாதையும் வேக ஓட்டமும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்குவாட்டை ஒரு பெட்டி வைத்து, வலி தொடங்குவதற்கு முன்னால் நிற்கிற உயரத்துக்கு மட்டும் போடுங்கள். ஆழம் குறையக் குறைய சில்லுக்குப் பின்னால் அழுத்தம் குறையும். லெக் எக்ஸ்டென்ஷனில் இது தலைகீழ்: மடக்கிய நிலையிலிருந்து பாதி வரை நீட்டும்போது அழுத்தம் குறைவு, முழுசாக நீட்டும் கடைசிப் பகுதியில்தான் அதிகம், அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். ரோமானியன் டெட்லிஃப்ட்டில் (இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தூக்குவது) முட்டி அதிகம் மடங்காது, அதைத் தாராளமாகத் தொடரலாம். கூடவே பிட்டத் தசைக்குப் பயிற்சி சேருங்கள்: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது), தாழ்ந்த படியிலிருந்து மெதுவாக ஒரு காலில் இறங்குவது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

வலியை 10க்கு எவ்வளவு என்று தினமும் குறித்து வையுங்கள். பயிற்சியின்போது 2, 3 வரை இருக்கலாம். மறுநாள் காலை படி இறங்கும்போது பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அந்தச் சுமை சரி, கூடியிருந்தால் அடுத்த முறை குறையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், இந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

பதில் 3

எனக்கும் இதே வலி வந்து போனது. எனக்கு உதவியது காலடி எண்ணிக்கை. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அதே வேகத்தில் 5 சதவீதம் கூட்டினால் போதும். அடி சின்னதாகும், பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது, முட்டி வாங்குகிற சுமை குறையும். முதல் ஒரு வாரம் கெண்டைக்கால் இறுகும், அது பழகிவிடும்.

கேட்டவர்

எண்ணினேன், 156. அப்போ 164க்கு முயல்கிறேன். முட்டிக்கு 'நீ கேப்' (knee cap, இறுக்கிப் பிடிக்கும் உறை) போடலாமா? முட்டி நொறுநொறுவென்று சத்தம் வேறு போடுகிறது.

பதில் 2

போட்டால் தெம்பாக இருக்கிறது என்றால் போடுங்கள், டேப் ஒட்டினாலும் கொஞ்ச நாளைக்கு வலி தணியும். பலப்படுத்தும் பயிற்சியை மட்டும் அதற்காக விட்டுவிடாதீர்கள். வலி இல்லாத சத்தத்துக்குக் கவலை வேண்டாம். ஆனால் முட்டி வீங்கினால், சிக்கிக்கொண்டால், மடங்கி விழுந்தால், இரவில் தூங்கவிடாமல் வலித்தால் நேரில் காட்டிவிடுங்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். இவை எதுவும் இல்லாமலே ஆறு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டாலும் ஒரு முறை காட்டுவது நல்லது.

கேட்டவர் (எட்டு வாரம் கழித்து)

எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் இல்லை, மனசு விட்டுப்போனது. நான்காவது வாரம் அவசரப்பட்டு 8 கிலோமீட்டர் ஓடினேன், மறுநாள் காலை படியில் வலி 5. நீங்கள் சொன்ன மாதிரி குறைத்தேன், மூன்று நாளில் அடங்கியது. அப்புறம் வேக ஓட்டத்தைத் திரும்ப ஆரம்பித்தபோது, கால் பயிற்சியையும் அதே நாள் மாலைக்கு மாற்றி அடுத்த நாளை முழுசாகக் காலியாக விட்டேன். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பலன் கொடுத்தது என்று தோன்றுகிறது. இப்போது வாரம் 22 கிலோமீட்டர், ஸ்குவாட் 55 கிலோ, தொடை தரைக்கு இணையாக வரும் வரை வலி இல்லை. உட்கார்ந்து எழுந்தால் எப்போதாவது லேசாக 1 தெரிகிறது. அடுத்து கிலோமீட்டரைக் கூட்டவா, எடையைக் கூட்டவா?

பதில் 2

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டு வாரம் ஓட்டம், எடையை 55லேயே வையுங்கள், காலைப் படியில் வலி கூடவில்லை என்றால் அதற்கடுத்த இரண்டு வாரம் எடை.