கூட்டினால் 200 வர வேண்டும்: தேர்வு அறையில் மறக்க முடியாத ஒரு நிமிடம்

கொளத்தூர் வாத்தியார்

2022 ஜூலை, அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு. வட சென்னையில் ஒரு பள்ளியில் எனக்கு அறைக் கண்காணிப்பு டியூட்டி. இங்கே பாதிப் பேர் அதை எழுதியவர்கள்தான், அதனால் ஓஎம்ஆர் (வட்டத்தை நிரப்பும் விடைத்தாள்) கதையெல்லாம் விளக்கப் போவதில்லை. விடை தெரியாவிட்டால் ஈ-யை ஷேடு பண்ண வேண்டும், எதையும் வெறுமனே விடக்கூடாது, கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதினால் கூட்டுத்தொகை 200 வர வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா, நாற்பதை நெருங்கும் வயது. விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு வட்டமாக எண்ணினார். 199. திரும்ப எண்ணினார், அதே 199. நான் நின்ற இடத்திலிருந்து பளிச்சென்று தெரிகிறது, 143-ஆம் கேள்விக்கான வட்டங்கள் வெள்ளையாக இருக்கின்றன. அவர் விரல் 142-இலிருந்து நேராக 144-க்குத் தாவுகிறது. நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தேன்.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த முறை விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர், அவர்களை வேறு எப்படிச் சலிப்பது? வேலைக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த காலத்தை அப்பா சொல்லிக் கேட்டவன் நான். ஆனாலும் அந்த 143 இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அயனாவரம் அக்கா

வாத்தியார் சார், உங்களுக்கு 143, எனக்கு 84.

2012 ஜூலை, முதல் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 36 நொடி. உளவியல் கேள்வியெல்லாம் நாலு வரிக்கு நீளும், படித்து முடிப்பதற்குள் நொடி முடிந்துவிடும். கணக்குப் பகுதிக்கு வரும்போது கை நடுங்கியது, கடைசி இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு ஷேடு பண்ணினேன். 84. பாஸ் மார்க் 90. ஆறே முக்கால் லட்சம் பேர் எழுதி ஏறத்தாழ 2,400 பேர்தான் தேறினார்கள் என்பதால் வீட்டில் யாரும் திட்டவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்புறம் அக்டோபரில் மறுபடி வைத்தார்கள், நேரத்தை மூன்று மணி நேரமாக்கி. இடையில் பையனுக்கு அம்மை போட்டிருந்தது, நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. 97 வந்தது. ஜூலையில் தகுதியில்லாத ஆசிரியை அக்டோபரில் தகுதியானவள். நடுவில் நான் செய்ததெல்லாம் வேப்பிலை அரைத்ததுதான்.

வியாசர்பாடி அப்பா

2018 நீட். பையன் தமிழ் மீடியம். நல்லவேளையாக சென்னையிலேயே சென்டர் கிடைத்தது, தென் மாவட்டப் பிள்ளைகள் பலர் எர்ணாகுளம் போய் எழுதிய வருடம் அது. வெயிலில் மூன்று மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, முதல் வார்த்தையே, “அப்பா, சீத்தா என்றால் என்ன மிருகம்?”

பரிணாமத்தில் ஒரு கேள்வி. மனிதன், வவ்வால், சிறுத்தை இவற்றின் முன்னங்கால்களை எல்லாம் ஒப்பிட்டுத் தவறான இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் சிறுத்தையைச் ‘சீத்தா’ என்று அச்சடித்திருந்தார்கள், வவ்வாலையும் விட்டுவைக்கவில்லை. அவனுக்கு எங்கள் வீட்டுப் பின்னாடி இருக்கும் சீத்தாப்பழ மரம்தான் ஞாபகம் வந்ததாம். மரத்துக்கு ஏது முன்னங்கால் என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

மொத்தம் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது. பத்து நாள் வீட்டில் திருவிழா. அப்புறம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, பிறகு அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. பையன் இப்போது பி.எஸ்சி. முடித்து வேலையில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். சீத்தாப்பழம் மட்டும் சாப்பிட மாட்டான்.

பல்லாவரம் 1999

எல்லோரும் தேர்வையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். வியாசர்பாடி சார், பக்கத்திலேயே ஆங்கிலத்தில் சீட்டா என்று இருந்திருக்குமே? ஆங்கிலம்தான் இறுதி என்று வினாத்தாளிலேயே போட்டிருப்பார்கள். அக்கா, நேரத்தை இரட்டிப்பாக்கினால் மார்க் ஏறாதா, அதில் என்ன அதிசயம்?

நான் 1999-இல் இன்ஜினீயரிங், மருத்துவப் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு எழுதியவன். அப்போது கட் ஆஃப் 300-க்கு, பிளஸ் டூவில் 200, நுழைவுத் தேர்வில் 100. எங்கள் பள்ளி லேபில் ப்யூரெட் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) மூன்று, அதில் ஒன்று ஒழுகும். என் சித்தப்பா பையன் படித்த பள்ளியில் பிராக்டிகலுக்கு எல்லோருக்கும் 50-க்கு 50. நுழைவுத் தேர்வில்தான் அவனுக்கும் எனக்கும் ஒரே தாள், ஒரே மணி. எனக்கு சீட் கிடைத்தது. 2006-இல் சட்டம் போட்டு அதை எடுத்தபோது எனக்கு வருத்தம்தான். அதற்கப்புறம் என்ன நடந்தது? புக் பேக் ஒன் வேர்டை நெட்டுருப் போட்டவன் சென்டம் வாங்கினான், முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தான்.

பிள்ளைகளைத் தயார் செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாளை மூன்று சுற்றாகப் போடச் சொல்லுங்கள். முதல் சுற்றில் பார்த்தவுடன் தெரிவது, இரண்டாவதில் கணக்கு, மூன்றாவதில்தான் சந்தேகம். நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் நாலில் இரண்டு விடையை அடித்துவிட முடிந்தால் மட்டும் மீதியில் கை வைக்கட்டும். நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு 1 போகும் என்பதால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். ஷேடிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளவே கூடாது, ஒரு வரி தள்ளிப்போனால் எல்லாம் போச்சு. வீட்டில் மாடல் டெஸ்ட் வைக்கும்போது தேர்வு நடக்கும் அதே நேரத்தில் வையுங்கள், நீட் மதியம் 2 மணிக்கு, அந்த நேரத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு இயற்பியல் ஓடாது. முதல் நாள் இரவு புது இட்லிக் கடை வேண்டாம். பேனா அங்கேயே கொடுப்பார்கள், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு தாள் போடப் பழக்கினால்...

வியாசர்பாடி அப்பா

சார், டிப்ஸ் யாரும் கேட்கவில்லையே.

ஆங்கிலம் இருந்தது. தமிழில் எழுதலாம் என்று சொல்லித்தானே தமிழில் எழுத வைத்தார்கள்? சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைப் பார் என்றால் ஒவ்வொரு வரிக்கும் சந்தேகப்பட வேண்டும், அதற்கு நேரம் யார் தருவார்கள்? நீங்கள் சொன்ன ஒரே தாள், ஒரே மணி உண்மை. உங்கள் ப்யூரெட்டுக்கு நியாயம் கிடைத்தது. என் பையன் கையில் ஒழுகியது தாளே.

அயனாவரம் அக்கா

பல்லாவரம் சார், மார்க் ஏறியது அதிசயம் என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பதிமூன்று மார்க் வித்தியாசத்தில் ஒரு பக்கம் ‘தகுதி’, இன்னொரு பக்கம் ‘தகுதியின்மை’ என்று முத்திரை குத்துவதைத்தான் சொன்னேன். 2014-இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 போதும் என்று தளர்த்தினார்கள், 2013-இல் எழுதியவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். கோடு போட்டவர்களே கோட்டை நகர்த்துகிறார்கள்.

மாநகராட்சி மிஸ்

டெட் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். எனக்கு 22 வருட சர்வீஸ். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்கே தெரியும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் பண்ண வேண்டும். எனக்கு ஒன்பது வருடம் இருக்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கிறாள். போன வாரம் எனக்கு மாடல் டெஸ்ட் வைத்தாள். மூன்றாம் வகுப்பில் ‘ற’வும் ‘ர’வும் குழம்பி அழுத பெண். தாளைத் திருத்திவிட்டு, சிவப்புப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, எனக்கு வலிக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள் பாருங்கள். “மிஸ், சைக்காலஜி மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்.” அவளை அழாமல் எழுத வைத்தபோது குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் அவரையும் இன்னொரு உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கியையும் மாற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பல்லாவரம் 1999

மிஸ், பியாஜே நிலைகள் நாலையும் வயசோடு ஒரு அட்டையில் எழுதி அடுப்பங்கரையில் ஒட்டிவிடுங்கள்...

சரி சரி, நிறுத்திவிட்டேன். வாத்தியார் சார், அந்த அம்மா 143-ஐக் கண்டுபிடித்தாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

கொளத்தூர் வாத்தியார்

மணி அடித்ததும் வரிசையாகத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் தாளை வாங்கும்போது முதலில் கட்டத்தைத்தான் பார்த்தேன், கூட்டுத்தொகை 200. அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் கீழே பார்த்தேன். 143 அப்படியே வெள்ளையாக இருந்தது. ஈ-யில் ஒன்றைக் கூட்டி எழுதியிருந்தார்.