பழையவருக்கு ஒரு நியாயம், புதியவருக்கு ஒரு நியாயமா? குழு விதிகளை எப்படி எழுதுவது?

ஒளிவட்டம் (கேள்வி):

ஒளிப்படம் கற்றுக்கொள்பவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறோம். நிர்வாகிகள் மூன்று பேர். போன வாரம் நடந்த ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புதியவர் ஒருவர் தன் படத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டார். ஆரம்பத்திலிருந்து குழுவில் இருக்கும் ஒருவர், "கேமராவை விற்றுவிட்டு வேறு வேலை பாருங்கள்" என்று எழுதினார். இவர் எத்தனையோ பேருக்கு நள்ளிரவு வரை உட்கார்ந்து ஷட்டர் வேகத்தை விளக்கியவர். அதனால் கண்டும் காணாமல் விட்டோம். புதியவர் பதிலுக்கு, "உங்களுக்குக் கண் தெரியாதா?" என்றார். ஐந்தே நிமிடத்தில் அவரை நீக்கிவிட்டோம். நீக்கியது நான்தான்.

மறுநாள் அவர் தனியாக எழுதினார்: "நான் எந்த விதியை மீறினேன் என்று மட்டும் சொல்லுங்கள்." எங்கள் விதிகளைத் திறந்து பார்த்தேன். "மரியாதையாகப் பேசவும்" என்று ஒரே வரி. அதை முதலில் மீறியவர் இன்னும் குழுவில்தான் இருக்கிறார். என்ன பதில் எழுதுவதென்றே தெரியவில்லை.

ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றுபோல நிற்கும் விதிகளை எப்படி எழுதுவது?

நிலைக்கண்ணாடி:

சிக்கல் அந்த ஒற்றை வரியிலேயே இருக்கிறது. மரியாதை என்று மட்டும் எழுதி வைத்தால், வேண்டியவர் பேசியது உரிமையாகத் தெரியும், வேண்டாதவர் பேசியது திமிராகத் தெரியும். குணத்தை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். "படத்தைப் பற்றி என்ன குறையும் சொல்லலாம், எடுத்தவரைப் பற்றிச் சொல்லக் கூடாது." அடிவானம் சாய்ந்திருக்கிறது என்பது இதில் மாட்டாது. கேமராவை விற்கச் சொன்னது மாட்டும். கண் தெரியாதா என்றதும் மாட்டும்.

விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் ஒரு விதி உண்டு: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் திருத்தத்தை மாற்றிப் பழையபடி ஆக்கக் கூடாது. யார் சொல்வது சரி என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும். (நாசவேலையை நீக்குவது போன்ற சில விலக்குகளும் உண்டு, அவற்றையும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.) எல்லா விதியையும் இப்படி எண்ணிக்கையில் அடக்க முடியாதுதான். முடிந்ததையாவது அடக்குங்கள்.

ஏழாம்படி:

விதியைவிட, எடுத்த எடுப்பில் நீக்கியதுதான் எனக்கு இடிக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரம் பொதுவளங்களைப் பற்றி 1990-இல் ஒரு நூல் எழுதினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பாசனம், மேய்ச்சல் நிலம், மீன்பிடி என்று நெடுங்காலம் தாக்குப்பிடித்த கூட்டு ஏற்பாடுகளில் அவர் கண்டவற்றில் ஒன்று, படிப்படியான தண்டனை. முதல் தவறுக்குச் சின்னதாக, திரும்பச் செய்தால் பெரிதாக. இன்னொன்று, விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு அதை மாற்றுவதிலும் பங்கு இருந்தது.

உங்கள் குழுவுக்கு: முதலில் பதிவை நீக்கிக் காரணம் சொல்லுங்கள். அடுத்து ஒரு நாள் எழுதத் தடை. அப்புறம் ஒரு வாரம். வெளியேற்றம் கடைசியில். மிரட்டல், அடுத்தவர் தொலைபேசி எண்ணைப் பரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் படிகள் வேண்டாம், நேராக வெளியே.

சாளரம்:

மேல்முறையீட்டை மறக்காதீர்கள். 2018-இல் வந்த சாண்டா கிளாரா கோட்பாடுகள், பதிவுகளை நீக்கும்போதும் ஆட்களைத் தடுக்கும்போதும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பெரிய இணையத் தளங்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் அவை கேட்கும் மூன்றும் சின்னக் குழுவுக்கும் பொருந்தும்: எத்தனை பதிவுகளை நீக்கினோம், எத்தனை பேரைத் தடுத்தோம் என்று வெளியிடுவது, பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது, முதல் முடிவில் சம்பந்தப்படாத ஒருவர் மறுபடி பார்ப்பது. மூன்று நிர்வாகிகள் இருக்கிறீர்களே, ஒருவர் தடுத்தால் இன்னொருவர் முறையீட்டைக் கேட்கட்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் குழுவில் அனுப்பும் தகவல் இப்படி இருக்கும்: "நேற்று இரவு நீங்கள் எழுதிய இந்த வரி 2-ஆம் விதியை மீறுகிறது. அதனால் நீக்கினோம். நாளை இரவு வரை எழுத முடியாது, படிக்கலாம். முடிவு தவறு என்று நினைத்தால் இவருக்கு எழுதுங்கள்." மீறிய வரியை அப்படியே எடுத்துக் காட்டுவோம். அதைக் காட்டத் தொடங்கியபின் சண்டைகள் பாதியிலேயே அடங்கின.

கற்கண்டு:

ஒரு எச்சரிக்கை. முப்பது விதி எழுதினால், அவற்றில் ஓட்டை தேடுவதையே சிலர் வேலையாக வைத்துக்கொள்வார்கள். ஐந்தாறு போதும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டோடு.

ஒளிவட்டம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மூவரும் பேசினோம். ஐந்து விதிகள் எழுதி, இறுதி செய்யுமுன் குழுவில் போட்டு ஒரு வாரம் கருத்துக் கேட்கிறோம்.

பழையவரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவருடைய பதிவை நீக்கி, காரணத்தையும் சொன்னேன். "இவ்வளவு வருடம் உழைத்த எனக்கா?" என்று கேட்டார். "உங்களுக்கும்தான் அண்ணா" என்றேன். இரண்டு நாளாகக் குழுவில் எதுவும் எழுதவில்லை. போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்தப் பதிவைத் திரும்பப் போடப்போவதில்லை.

புதியவருக்கு, "நீங்கள் மீறிய விதி எழுதப்படவே இல்லை. ஒருவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் நீக்கியது என் தவறு" என்று எழுதி, மறுபடி சேர அழைப்பு இணைப்பையும் அனுப்பினேன். படித்துவிட்டார். இன்னும் சேரவில்லை.