சந்தனக் கன்று மஞ்சளா நிக்குது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
திருப்பத்தூர் பக்கம் அரை ஏக்கர். ஐப்பசி மழையில இருபது சந்தனக் கன்று வச்சேன். நர்சரி பையிலயே கூட பொன்னாங்கண்ணி மாதிரி ஒரு செடி இருந்துச்சு. களைன்னு பிடுங்கிட்டேன். இப்ப இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. தண்ணி, எரு ரெண்டுக்கும் குறையில்லை.

பதில்:
அண்ணே, நீங்க பிடுங்கினது களை இல்ல, அதோட சோத்துத் தட்டு! சந்தனம் பாதி ஒட்டுண்ணி. மாவுச்சத்தை இலையில தானே தயாரிச்சுக்கும். தண்ணிக்கும் தழைச்சத்துக்கும் பக்கத்துச் செடி வேரை நம்பும். நான் ஒரு தடவை துவரையோட சேத்துத் தோண்டிப் பார்த்தேன். சந்தன வேர்ல சின்னச் சின்ன உருண்டை, துவரை வேரை அட்டை மாதிரி கவ்விட்டிருந்துச்சு. இழுத்தா வேர்தான் அறுந்துச்சு, பிடி விடல.

உடனே துவரை ஊனுங்க. ரொம்ப நிழல் கட்டினா கவாத்து பண்ணுங்க. துவரை சில வருஷந்தான் தாங்கும், அதனால நாலஞ்சு அடி தள்ளி சவுக்கும் வைங்க.

பதில்:
காட்டுல பாருங்க, பாதி கன்று புதருக்குள்ளதான் நிக்கும். குயில் பழத்தைத் தின்னுட்டு எச்சம் போடுற இடம் அது. ஆடு வாய் வைக்காது, வேருக்கும் ஆள் பக்கத்துலயே.

கேட்டவர்:
நேத்து துவரை ஊனியாச்சு. ‘பிடுங்கின களையை மறுபடி நடுறியாப்பா’ன்னு பையன் சிரிக்கிறான். ரெண்டு கன்று பட்டுப்போச்சு, மீதி பதினெட்டு இருக்கு.