வீட்டுப் பட்டறைக்கு ஹாட் ஃபாயில் மெஷின்: கை லிவரா, நியூமேட்டிக்கா?

கொளத்தூர் பட்டறை

வணக்கம். தோல்ல லோகோவும் பேரும் தங்க நிறத்துல அடிக்க, சூடான அச்சால ஃபாயிலை அழுத்தி ஒட்டுற ஹாட் ஃபாயில் மெஷின் வாங்கணும். பர்ஸ், கார்டு ஹோல்டர், சாவிக்கொத்து, டைரி உறை, இதான் நம்ம சரக்கு. மாசம் 300 பீஸ் வரைக்கும் போகுது. தோல் பெரியமேட்டுல எடுக்கிறது. பெரும்பாலும் குரோம் (குரோம் உப்புல பதப்படுத்தின) மாட்டுத்தோல், 1.2 மி.மீ.யிலேர்ந்து 1.6 வரைக்கும் வரும். கொஞ்சம் வெஜ் டேனும் (மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தினது) உண்டு. லோகோ 60-க்கு 25 மி.மீ. கம்பெனி கிஃப்ட் ஆர்டர்ல ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒவ்வொரு பேர் அடிச்சுக் கேக்குறாங்க, சிலர் தமிழ்லயே கேக்குறாங்க. வெளியில குடுத்தா 20 பீஸுக்கெல்லாம் யாரும் மெஷினைச் சூடாக்க மாட்டேங்குறாங்க.

பாத்தது மூணு. மேசை மேல வைக்கிற கை லிவர் மெஷின் (8-க்கு 10 செ.மீ. தட்டு), காத்தழுத்தத்துல இறங்குற நியூமேட்டிக் மெஷின், அப்புறம் சாலிடரிங் அயர்ன் மாதிரி கையில பிடிச்சு அழுத்துற சூட்டுக்கோல். மாடி வீடு, சிங்கிள் ஃபேஸ். எதை வெச்சு முடிவு பண்றது? வாட்டேஜ் கூட இருந்தா நல்லதா?

பழைய டிரெடில்

வாட்டேஜை வெச்சு முடிவு பண்ணாதீங்க. 500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்ல 2.2 ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண பிளக்கே தாங்கும். வாட் கூடினா சீக்கிரம் சூடேறும், அவ்வளவுதான். பாக்க வேண்டியது சூடாகி இறங்குற தலையும் அடியில தோலை வைக்கிற தட்டும் ஒண்ணுக்கொண்ணு சமமா வந்து உக்காருதாங்கறது. காசு அதுக்குத்தான் குடுக்கணும்.

சூட்டுக்கோல் வேண்டாம். கையால அழுத்தினா ஒரு ஓரம் ஆழமா விழும், எதிர் ஓரத்துல ஃபாயிலே ஒட்டாது. மரத்துல சூடு போட அது போதும், தோல்ல கோல்டு அடிக்க உதவாது.

கை லிவர் மெஷின்ல 8-க்கு 10 தட்டுன்னு எழுதியிருந்தா அவ்வளவு பெரிய டை (லோகோ வெட்டின உலோக அச்சு) மாட்டலாம்னு அர்த்தம், அவ்வளவு பெரிய அச்சு அடிக்கலாம்னு இல்ல. உங்க லோகோவோட கட்டம் 15 சதுர செ.மீ. ஆனா எழுத்தும் கோடுமா இருந்தா தோலைத் தொடுற முகம் 3, 4 சதுர செ.மீ.தான் வரும். அதுக்குக் கை லிவர் தாராளம். அதே லோகோ கட்டம் முழுக்க தங்கமா நிரம்பி, நடுவுல எழுத்து காலியா விட்ட டிசைனா இருந்தா முகம் 11, 12 ஆகிடும். அப்ப மூணு மடங்கு அழுத்தம் வேணும், லிவர்ல தொங்கினாலும் நடுவுல திட்டுத் திட்டாத்தான் வரும். முதல்ல உங்க லோகோ இதுல எந்த ரகம்னு பாருங்க.

கடைக்குப் போகும்போது உங்க தோல்ல மூணு துண்டு, உங்க டை, ஒரு கார்பன் பேப்பர் கொண்டு போங்க. கடைக்காரர் வெச்சிருக்கிற பி.யு. ரெக்சின் துண்டுல அடிச்சுக் காட்டினா எல்லா மெஷினும் அழகாத்தான் அடிக்கும்.

சோதிக்கிற முறை: ஆஃப்ல இருக்கும்போது தலையை ரெண்டு கையால பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. லேசா டக் டக்குன்னு ஆடினாலே வேண்டாம், அது எழுத்தோட ஓரத்துல நிழல் மாதிரி இரட்டை அச்சா விழும். அப்புறம் 110 டிகிரி வெச்சு, டிஸ்ப்ளே அந்த எண்ணைத் தொட்ட பிறகும் இன்னும் 15 நிமிஷம் விடுங்க. தலை சூடானாலும் டை சூடாக நேரம் பிடிக்கும். ஃபாயில் இல்லாம, வெள்ளைத்தாள் மேல கார்பனைக் கவிழ்த்து, ஒரே டையை நாலு மூலையிலயும் நடுவுலயும் மாட்டி மெதுவா இறக்குங்க. அஞ்சு அச்சும் ஒரே கறுப்பா இருக்கணும். ஒரு மூலை வெளிறினா டை முதுகுல மெல்லிய தாள் ஒட்டிச் சரி பண்ணலாம், அதான் மேக்ரெடி. தாள் மூணு நாலு தாண்டினா தட்டே கோணல்.

ஓரத்தையல்

டிரெடில் சார் சொன்னதோட தட்டோட வடிவத்தையும் பாருங்க அண்ணா. அடித்தட்டு அகலப் பெட்டி மாதிரி இருந்தா விரிச்ச தோலை மட்டும்தான் வைக்க முடியும். தைச்சு முடிச்ச பர்ஸ்ல பேர் அடிக்கணும்னா தட்டு முன்னாடி நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கணும், பர்ஸோட பாக்கெட்டை அதுல மாட்டிவிட்டு ஒரே அடுக்குத் தோல் மேல அடிக்கலாம். அந்த வசதி இல்லன்னா பாக்கெட்டுக்குள்ள 2 மி.மீ. ஸ்டீல் தகடு சொருகி அடிக்கணும். சும்மா அடிச்சா உள்ளே இருக்கிற கார்டு பாக்கெட்டோட விளிம்பு மேல் தோல்ல படிப்படியா பதிஞ்சிடும், அது திரும்பப் போகாது.

லோகோவை ஒட்டுறதுக்கும் மடிக்கிறதுக்கும் முன்னாடியே அடிச்சிடுங்க. கெட்டுப்போனா ஒரு துண்டுத் தோலோட போகும், முழு பர்ஸ் போகாது.

உங்க பெரிய சிக்கல் 1.2-லேர்ந்து 1.6 வரைக்கும்னு சொன்னீங்களே, அதுதான். லிவர் ஒரே தூரம்தான் இறங்கும். 1.2-க்கு செட் பண்ணி வெச்சா 1.6 வரும்போது தோலைக் குத்திக் கிழிக்கும், 1.6-க்கு வெச்சா 1.2-ல பாதி எழுத்து வராது. அடிக்கிற பேனலையாவது ஸ்பிளிட்டிங்ல (தோலைச் சீவிக் கனம் குறைக்கிற மெஷின்) குடுத்து ஒரே கனமா எடுங்க, இல்லன்னா கனம் வாரியா பிரிச்சு வெச்சு ஒவ்வொரு கட்டுக்கும் லிவர் எவ்வளவு இறங்கணும்னு நிறுத்துற ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்புங்க.

தோலைப் பத்தி இன்னொண்ணு. எண்ணெய், மெழுகு ஏத்தின புல்-அப் தோல்ல ஃபாயில் ஒட்டும், மறுநாள் நகத்தால கீறினா உரியும். அடிக்கிற இடத்தை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல லேசா துடைச்சு, நல்லாக் காயவிட்டு அடிச்சுப் பாருங்க. அப்பவும் நிக்கலன்னா அந்தத் தோலுக்குக் கோல்டு வேண்டாம், வெறும் அழுத்தம் போதும். முண்டும் முடிச்சுமா இருக்கிற கிரெய்ன் தோல்னா முதல்ல ஃபாயில் இல்லாம ஒரு தடவை அழுத்தி மேடு பள்ளத்தைத் தட்டையாக்கி, அதே இடத்துல ஃபாயில் வெச்சு இன்னொரு தடவை. ரெண்டும் நூல் பிசகாம ஒண்ணு மேல ஒண்ணு விழணும்னா தட்டுல 'எல்' வடிவ ஸ்டாப்பர் நகராம நிக்கணும். மெஷின் வாங்கும்போது அதையும் இறுக்கிப் பாருங்க.

கொளத்தூர் பட்டறை

நன்றி ரெண்டு பேருக்கும். லோகோ கோடு ரகம்தான், நிரம்பினது இல்ல. அப்ப நியூமேட்டிக் தேவையே இல்லையா? டை எதுல போடணும்? ஆண்டர்சன் தெருவுல கல்யாணப் பத்திரிகைக்கு பிளாக் (அதுவும் உலோக அச்சுதான்) போட்டுத் தர்றவங்ககிட்ட குடுத்தா போதுமா?

ஏர்லைன்

நியூமேட்டிக்கை அப்படி ஒதுக்கிட வேண்டாம். 63 மி.மீ. சிலிண்டர் 6 பார்ல 190 கிலோ குடுக்கும், 80 மி.மீ. சிலிண்டர் 300 கிலோ. முதல் பீஸுக்கும் 200-வது பீஸுக்கும் அதே அழுத்தம், டைமர் வெச்சா அதே நேரம். கை லிவர்ல மத்தியானத்துக்கு மேல கை சோர்ந்து அச்சு மாறும். தோல் கனம் ஏறி இறங்கினாலும் சிலிண்டர் அதே விசையிலதான் நிக்கும், ஓரத்தையல் சொன்ன தலைவலி பாதி குறையும்.

ஆனா மாடி வீட்ல கம்ப்ரஸர் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரங்க ஒரு வாரத்துல கதவைத் தட்டுவாங்க. டேங்க்ல தண்ணி சேரும், தினம் வடிக்கணும். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் இறங்குற டபுள் பட்டன் இல்லாத மெஷினை வாங்கவே கூடாது, விரல் போயிடும். மாசம் 300-க்குக் கை லிவர் போதும்னுதான் நானும் சொல்வேன். 1,500 தாண்டினா பாருங்க.

பழைய டிரெடில்

பத்திரிகை பிளாக் போடுறவங்ககிட்டயே குடுக்கலாம், ஆனா தோலுக்குன்னு சொல்லிக் குடுங்க. தாள் அழுந்தாது, அதனால எழுத்துக்கு நடுவுல பள்ளம் கம்மியா இருந்தாலும் ஓடிடும். தோல் மெத்துன்னு எழும்பி அந்தப் பள்ளத்தோட தரையைத் தொட்டுடும், அங்கயும் தங்கம் ஒட்டும். ஆழமா எட்ச் பண்ண (அமிலத்துல அரிச்சு எடுக்க) சொல்லுங்க. கோடு 0.4 மி.மீ.க்கு மெலியக் கூடாது, ரெண்டு கோட்டுக்கு நடுவுல 0.5-ஆவது வேணும்.

மெக்னீசியம் டை சீக்கிரம் கிடைக்கும், 20, 50 பீஸ் ஆர்டருக்கு அது போதும். நம்ம ஊர்க் காத்துக்குச் சும்மா வெச்சா வெள்ளையா பூத்துடும். வேலை முடிஞ்சதும் லேசா எண்ணெய் துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவர்ல வையுங்க. அடுத்த தடவை ஸ்பிரிட்ல எண்ணெயை எடுத்துட்டு மாட்டணும், மறந்தா முதல் பத்து பீஸ்ல ஃபாயில் ஒட்டாது. உங்க சொந்த லோகோவைப் பித்தளையில வெட்டிடுங்க, அதைத்தான் வருஷக்கணக்கா அடிக்கப் போறீங்க.

தமிழ்ப் பேர்தான் கொஞ்சம் கஷ்டம். கடையில கிடைக்கிற பித்தளை எழுத்து செட் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும்தான். தமிழுக்குப் பேருக்கு ஒரு சின்ன பிளாக் போடணும், பத்துப் பேரை ஒரே பிளேட்டுல வரிசையா போட்டு வெட்டிக்கிட்டா செலவு குறையும். எழுத்து உயரம் 5 மி.மீ.க்குக் கீழ போனா 'ண', 'ஞ' சுழி அடைச்சுக்கும். மெய்யெழுத்துப் புள்ளிதான் எல்லாத்தையும் விட மோசம். அவ்வளவு சின்னப் பரப்புல மொத்த அழுத்தமும் இறங்கித் தோலைத் துளை போடும். டிசைன் போடும்போதே புள்ளியை ஃபான்ட்ல இருக்கிறதை விடப் பெருசாக்கிக் குடுங்க.

மின்சுற்று

டெம்பரேச்சரைக் கட்டுப்படுத்துறது பத்தி யாரும் சொல்லலையே. திருகுற குமிழ் மட்டும் இருக்கிற மெஷினைத் தொடாதீங்க. அதுல சூட்டைப் பாத்துக் கட்டுப்படுத்த எதுவும் இல்ல. சாயங்காலம் வோல்டேஜ் 230-லேர்ந்து 200-க்கு இறங்கினா ஹீட்டரோட சக்தி முக்கால்வாசி ஆகிடும், காலையில நல்லா வந்த செட்டிங் ராத்திரி வராது. பி.ஐ.டி. கன்ட்ரோலரும் (சூட்டை அளந்து ஹீட்டரைத் தானா கூட்டிக் குறைக்கிறது) கே டைப் தெர்மோகப்பிளும் (சூட்டை அளக்கிற கம்பி) இருக்கணும். தெர்மோகப்பிள் தலைக்குள்ள துளையில இறுக்கமா உக்காந்திருக்கான்னு பாருங்க. தொளதொளன்னு இருந்தா காட்டுற எண் ஒண்ணு, இருக்கிற சூடு ஒண்ணு.

டிஸ்ப்ளே காட்டுறது தலையோட சூடு. டை முகத்துல 10, 20 டிகிரி கம்மியா இருக்கும். லேசர் தெர்மாமீட்டரைப் பளபள பித்தளை மேல காட்டினா தப்பா குறைச்சுக் காட்டும், டை ஓரத்துல சூடு தாங்குற கேப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளங்க.

எஸ்.எஸ்.ஆர். (கன்ட்ரோலர் சொன்னபடி ஹீட்டரை ஆன், ஆஃப் பண்ற மின்னணு சுவிட்ச்) கெட்டா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். ஹீட்டர் லைன்ல சூடு அளவு மீறினா கரண்டைத் துண்டிக்கிற தெர்மல் கட்-ஆஃப் தனியா ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி எலக்ட்ரீஷியனை வெச்சுப் போட்டுக்கோங்க, மெஷின் உடம்புக்கு எர்த்தும் கட்டாயம்.

கொளத்தூர் பட்டறை

கை லிவர், பி.ஐ.டி., நாக்குத் தட்டுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆரம்பிக்கிறப்ப எவ்வளவு டிகிரி வைக்கணும்? ஃபாயில் எவ்வளவு வாங்கணும்? பழைய பிரஸ்ல ஈய எழுத்து தமிழ்ல கிடைக்குது, பேருக்கு அதை மாட்டலாமா?

பழைய டிரெடில்

ஃபாயில்னா 12 மைக்ரான் பாலியஸ்டர் படலம், அது மேல கழண்டு வர்றதுக்கு ஒரு மெழுகுப் பூச்சு, அப்புறம் மஞ்சள் லாக்கர், அலுமினியம், கடைசியா பசை. தங்கம்னு ஒண்ணும் இல்ல. சூடு குறைஞ்சா பசை இளகாது, எழுத்து திட்டுத் திட்டா வரும். கூடினா லாக்கர் மங்கி மினுமினுப்பு போகும், எழுத்தைச் சுத்தித் தூள் தூளா ஒட்டும். குரோமுக்கு 115, காய்ஞ்ச வெஜ் டேனுக்கு 100, ஒரு நொடி. இதுல ஆரம்பிச்சு அஞ்சு அஞ்சு டிகிரியா நகருங்க. சூடு, அழுத்தம், நேரம் மூணையும் ஒரே தடவையில மாத்தாதீங்க, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. டை ஏறின உடனே வெடுக்குன்னு இழுக்காம ஒரு நொடி விட்டு ஓரத்துலேர்ந்து சாய்வா உரிக்கணும்.

ஐப்பசி, கார்த்திகையில தோல் ஈரம் குடிச்சிருக்கும். அப்ப அடிச்சா ஆவி கிளம்பி ஃபாயிலைத் தூக்கிடும், எழுத்துக்குள்ள ஊசித்துளை மாதிரி தெரியும். முதல்நாளே ஃபேன் அடியில பரப்பி வையுங்க. வெஜ் டேன்ல ஃபாயில் இல்லாம வெறும் பள்ளம் போடத்தான் ஈரம் வேணும். லேசா ஸ்பாஞ்சால தடவி, சூட்டை 70-க்கு இறக்கி, நாலஞ்சு நொடி. ஈரத்தோட 110-ல அடிச்சா சுருங்கிக் கருகும். குரோம்ல இந்த வேலை சரியா வராது, அழுத்தினது எழும்பிடும்.

64 செ.மீ. அகலம், 120 மீட்டர் ரோல் ஒண்ணு வாங்கி, 8 செ.மீ.யா எட்டு சுருளா வெட்டி வாங்கிக்கோங்க. லோகோவோட 25 மி.மீ. பக்கம் ரோல் ஓடுற திசையில வர்ற மாதிரி மாட்டி, ஒரு அச்சுக்கு 4 செ.மீ. நகர்த்தினா ஒரு சுருள்ல 3,000 அச்சு. தோலுக்கான கிரேடுன்னு கேட்டு, முதல்ல ரெண்டு மூணு கிரேடு துண்டு வாங்கி அடிச்சு, ஒருநாள் விட்டு நகத்தால கீறிப் பாத்துட்டு ரோல் எடுங்க.

ஈய எழுத்து வேண்டாம். அந்தச் சூட்டுல உருகாது, ஆனா சூட்டோட அழுத்தமும் சேரும்போது முகம் மழுங்கிடும். இருபது பேர் அடிக்கிறதுக்குள்ள சுழியெல்லாம் தடிச்சுப் போகும். ஈயத் தூள் விரல்லயும் ஒட்டும்.