மறு: பழைய கதை புதிய கதையின் முடிவைச் சொன்னால் – ‘விரிச்சி’

குழுவினர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ‘விரிச்சி’ என்ற சொல்லைச் சொல்லியிருந்தேன். நடக்கப்போவதை அறிய நிற்பவர், தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சைக் குறியாகக் கொள்வதற்குப் பழந்தமிழில் அதுதான் பெயர். அதற்கு நேற்று ஐயா எழுதியது:

> ‘முன்னுணர்த்தல்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு? விரிச்சி வழக்கொழிந்துவிட்டது. பிள்ளைகள் ‘விரிசல்’ என்றுதான் படிப்பார்கள்.

ஐயா, பின்னால் வரப்போவதை முன்பே கோடிகாட்டும் உத்திக்கு முன்னுணர்த்தல் நல்ல சொல். கதையில் மேகம் கறுப்பதும் அதுதான், சுவரில் துப்பாக்கி தொங்குவதும் அதுதான். நான் பெயர் தேடுவது அதற்குள் அடங்கும் ஒரு சிறு வகைக்கு: ஒரு கதைக்குள் இன்னொரு பழைய கதையின் பெயரோ பொருளோ வந்து, முடிவைக் காதில் போட்டுவிட்டுப் போவது. விமான விபத்தில் பிழைத்து ஒரு மர்மத் தீவில் சிக்கியவர்களைப் பற்றிய ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

2004இல் வந்த முதல் சீசனிலேயே ‘வெள்ளை முயல்’ என்று ஒரு பகுதி உண்டு; லூயிஸ் கரோலின் கதையில் ஆலிஸ் என்ற சிறுமியை அற்புத உலகத்துக்கு இழுத்துப்போகும் முயல் அது. மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதிக்கு ஆலிஸின் இரண்டாம் புத்தகத் தலைப்பில் பாதியை, ‘கண்ணாடி வழியே’ என்பதை, அப்படியே வைத்தார்கள். நடந்து முடிந்தது என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது இனி நடக்கப்போவது என்று அதன் கடைசி நிமிடங்களில் தெரியும். கண்ணாடியில் இடம் வலம் மாறுவது போலவே. இரண்டாம் சீசனில் ஒருவன் பலூனில் வந்து விழுந்ததாகச் சொல்லி, தன் பெயர் ஹென்றி கேல் என்பான். 1900இல் வந்த ‘ஆஸ் நாட்டு மந்திரவாதி’ என்ற சிறுவர் கதையில் டாரத்தியை வளர்க்கும் மாமா பெயர் ஹென்றி. அந்தக் கதையில் பலூனில் வந்தவன், திரைக்குப் பின்னால் நின்று ஊரை ஏய்த்த மந்திரவாதி. ஹென்றி கேல் யார் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான்காம் சீசன் பார்க்கும்போது மகள் படத்தை நிறுத்தினாள். “அப்பா, இந்தப் பேரப் பாருங்க. சார்லட் ஸ்டேபிள்ஸ் லூயிஸ். நார்னியா எழுதினவரு பேருங்க அது.” பிள்ளைகள் நார்னியா என்ற மாயநாட்டுக்குப் போகும் கதைவரிசையை எழுதிய சி. எஸ். லூயிஸின் முழுப்பெயர் கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ். அடுத்த சீசனில் தீவைக் கண்டுபிடிக்கும் நிலையத்துக்குப் பெயர் ‘விளக்குக் கம்பம்’. நார்னியாவுக்குள் நுழைந்ததும் பனியில் நிற்கும் அதே கம்பம். நிலையம் இருப்பது ஒரு தேவாலயத்துக்கு அடியில். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. ஆலிஸ் கண் விழித்தாள் அல்லவா, அதனால் எல்லாம் கனவு என்று முடிப்பார்கள் என்றே உறுதியாக இருந்தேன். 1956இல் வந்த நார்னியாவின் கடைசிப் புத்தகம் அப்படி முடிவதில்லை. பிள்ளைகள் ரயில் விபத்தில் ஏற்கெனவே இறந்திருப்பார்கள்; அது தெரியும்போது அழுகை இல்லை, பழைய தோழர்கள் எல்லாரும் ஒன்றுகூடியிருப்பார்கள். 2010 மே 23 அன்று ‘லாஸ்ட்’ முடிந்ததும் ஒரு தேவாலயத்தில்தான். அவரவர் காலத்தில் இறந்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிக்கொள்வார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இதற்கு ஏன் விரிச்சி? முல்லைப்பாட்டைத் திறந்து பாருங்கள். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவித் தொழுது நற்சொல் கேட்க நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆய்மகள், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். அவள் பேசியது கன்றோடு. இவர்கள் கேட்டுக்கொண்டது தலைவனைப் பற்றி. நூற்று மூன்று அடிப் பாட்டு, வென்று திரும்பும் அவன் தேர்க்குதிரைகளின் ஒலி தலைவியின் செவி நிறைய ஒலிப்பதில் முடிகிறது.

“விரிச்சி தற்செயல், ஆசிரியர் வைப்பது திட்டம்; இரண்டும் எப்படிப் பொருந்தும்?” என்று அக்கா கேட்டிருந்தார். ஆய்மகளுக்குத்தான் அது தற்செயல். அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய புலவர் நப்பூதனாருக்கு இல்லை. சார்லட்டுக்குத் தன் பெயர் வெறும் பெயர்; எழுதியவர்களுக்கு அப்படி இல்லை. கதைக்குள்ளே தற்செயல், வெளியே திட்டம் என்ற இந்த இரட்டைத் தன்மையை ‘முன்னுணர்த்தல்’ தாங்காது.

வழக்கொழிந்தது சொல்தான், செயல் ஒழியவில்லை. எங்கள் அம்முச்சி, அதாவது பாட்டி, சின்னவெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார். நடுவில் சுவரில் கவுளி (பல்லி) கத்தினால் கை நிற்கும். விரல் முட்டியால் தரையை மூன்று தட்டு தட்டி, “கவுளி சொல்லிருச்சு கண்ணு, ஆகும் போ” என்பார். காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். மண்ணோ தண்ணீரோ, அதை வைத்து என்ன நடக்குமோ என்று கொங்கு நாடே பேசுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு விரிச்சியை விளக்க ஒரு நிமிடம் போதும்.

விரிசலோடு குழம்பும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் முன்னே ஒரு சொல் சேர்த்து, பட்டியலில் இப்படிப் போடலாமா, பாருங்கள்:

கதைவிரிச்சி – ஒரு கதைக்குள் வரும் வேறொரு கதையின் பெயர், பொருள் அல்லது வரி, பாத்திரங்கள் அறியாமலே முடிவைச் சொல்லிவிடுவது.

பொய்விரிச்சி – அதே போல் வந்து தவறான முடிவை நம்பவைப்பது. எனக்கு ஆலிஸ் செய்தது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்க.

பெருந்துறையிலிருந்து