'நெவர் ஹேவ் ஐ சீன்': ஹேவ் ஏன் முன்னால் வருகிறது?

கேள்வி:
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'ஐ ஹேவ் நெவர் சீன் சச் ரெயின்' புரிகிறது, ஆனால் அதையே 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் ரெயின்' என்று எழுதும்போது கேள்வி மாதிரி ஹேவ் முன்னால் வந்துவிடுகிறதே, ஏன்? மாதிரித் தேர்வில் 'ரேர்லி ஹி கம்ஸ் லேட்' என்று எழுதினேன், தவறாம்.

பதில் 1:
நெவர், ரேர்லி, செல்டம், ஹார்ட்லி மாதிரி இல்லை என்றோ அரிது என்றோ சொல்லும் சொல் அழுத்தத்துக்காக வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வந்தால், துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரவேண்டும். உங்கள் வாக்கியத்தில் துணைவினையே இல்லை, அதனால் டஸ் சேர்க்கணும்: 'ரேர்லி டஸ் ஹி கம் லேட்'. கம்ஸில் இருந்த எஸ் டஸ்ஸுக்குள் போய்விட்டது, பாருங்கள். நிறைய பேர் வழுக்குவது இங்கேதான்.

பதில் 2:
நமக்கு இது விசித்திரமாகத் தெரியக் காரணம், தமிழில் 'பார்த்ததே இல்லை' என்று ஒரு ஏகாரம் போட்டால் அழுத்தம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குச் சொற்களை இடம் மாற்றுகிறார்கள். ஜெர்மனில் இன்றைக்கும் எதை முதலில் வைத்தாலும் வினை இரண்டாவது இடத்தில்தான் நிற்கும், பழைய ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படித்தான், அதன் மிச்சம் இது.

கேட்டவர்:
சரி, ஒன்லி?

பதில் 1:
'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்', இங்கே மாறும். 'ஒன்லி மை மதர் நோஸ்', இதில் ஒன்லி எழுவாயோடு ஒட்டியிருப்பதால் மாறாது. அப்புறம் 'நாட் அண்டில் ஹி லெஃப்ட் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்' என்பதில் இடமாற்றம் முதன்மை வாக்கியத்தில்தான், அண்டில் பகுதியைத் தொடாதீர்கள்.